ஐந்து வெறுங்கைகள்

காலையில் முதல் வேலை பந்துகளைக் கழுவுவது. சோப்புத் தண்ணீரில் போட்டு அலசி, பருத்தித் துணியில் உருட்டித் துடைக்க வேண்டும். விரல் எண்ணெய் ஒட்டிய பந்து, ஒட்டாததைவிடக் கொஞ்சம் மெதுவாக உருளும். அந்தக் கொஞ்சத்தில் ஒரு குடும்பத்தின் நிலம் கைமாறிப் போய்விடலாம். அதனால் கழுவுவதை நான் யாரிடமும் விடுவதில்லை.

எங்கள் மீள்கட்டு நிலையம் கணபதிப் பகுதியில், முன்பு மோட்டார் பம்ப் பட்டறையாக இருந்த கட்டடத்தில் இருக்கிறது. கிரீஸ் வாசனை இன்னும் போகவில்லை. சுவர் நெடுக பிளாஸ்டிக் டப்பாக்கள். அவற்றில் பிள்ளைகள் விளையாடும் அதே பொம்மைக் கட்டைகள், பல் சக்கரங்கள், அச்சுக்கள், சங்கிலிக் கண்ணிகள். முதன்முறை உள்ளே வருகிறவர்கள் எல்லோரும் சிரிக்கிறார்கள். கையில் வழக்கு எண்ணோடு வருகிறவர்கள் சிரிப்பதில்லை.

படம் சாட்சியாகாது என்று சட்டம் வந்தபோது எனக்கு நினைவு தெரியாத வயது. அதற்குள் எந்த முகத்தையும் எந்தக் குரலையும் எந்த வீட்டு அறையையும் வரைவிகள் என்ற கணினி நிரல்கள் நொடியில் செய்து கொடுக்கத் தொடங்கியிருந்தன. செத்தவர் சொத்து எழுதிக் கொடுத்தார். ஊரில் இல்லாதவர் கல்யாணத்துக்குச் சம்மதித்தார். யாரையும் நம்ப முடியாமல் போனபோது யாரோ ஒருவருக்கு இந்த யோசனை வந்தது. ஓடுகிற எந்திரத்தை வரைவி அழகாக வரையும். ஆனால் அது வரைந்ததை நிஜமாகக் கட்டினால் ஓடாது. எங்கோ ஒரு சக்கரம் இடிக்கும், பந்து ஒரு வளைவில் நின்றுவிடும்.

அதிலிருந்துதான் சாட்சிப்பொறி வந்தது. முக்கியமான ஒன்றைப் படக்கருவி முன்னால் சொல்லப் போகிறவர், தன் முதுகுக்குப் பின்னால் பந்துகளை ஏற்றி இறக்கும் ஒரு பொம்மைக் கட்டைப் பொறியை ஓடவிட்டுக்கொள்ள வேண்டும். படத்தைப் பார்த்து நாங்கள் அதைத் திரும்பக் கட்டுவோம். எங்கள் பொறியும் படத்தில் ஓடியது போலவே ஓடினால், படம் மெய். ஏன் பொம்மைக் கட்டை என்றால், உலகத்தில் எங்கே வாங்கினாலும் அந்தக் கட்டை தலைமுடி அளவுகூட மாறாது. மனிதர்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

கடைசிச் சோதனைக்கு ஒப்போட்டம் என்று பெயர். அந்த அறையில் படக்கருவி கிடையாது. வைத்தால், அந்தப் படத்தை நிரூபிக்க அதன் பின்னால் இன்னொரு பொறி வேண்டும், அதற்கு இன்னொன்று. ஆகவே திரையில் ஓடும் பொறியில் பந்து ஏறுவதையும் தவறுவதையும் அலுவலர் எண்ணுவார். கட்டியதை நான் எண்ணிச் சொல்வேன். அவர் எழுதிக்கொள்வார்.

அலுவலர் மெஹருன்னிசா. பன்னிரண்டு வருடமாக என் எண்ணிக்கையை எழுதுகிறவர். அன்று காலை ஒரு வழக்குக் கோப்பை என் மேசையில் போட்டார்.

"ஆஸ்பத்திரிக் கேஸு, தீரா. முன்னாடி எடு."

"பின்னாடி எடுன்னு ஒரு கேஸாவது குடுத்திருக்கீங்களா மேடம்?"

"நீ ரிட்டயர் ஆகறன்னிக்குத் தரேன். வெளியில அந்தம்மா நிக்குது, பாரு."

வெளியே நாற்பது வயதுப் பெண் ஒருத்தி அரிசிச் சாக்கு ஒன்றை அணைத்துக்கொண்டு நின்றாள். பெயர் மகிழினி. அவளுடைய அப்பா சதீஷ், பழைய லேத் மெக்கானிக். மூளையில் ரத்தக் குழாய் வெடித்துப் படுத்து இரண்டு மாதம் ஆகிறது. கழுத்தில் துளை, மூக்கில் குழாய், கண் திறந்திருக்கிறது, ஆள் இல்லை. இப்படி ஆனால் தன்னை வைத்திருக்கக் கூடாது என்று முன்கூட்டியே ஒரு படம் எடுத்து வைத்திருந்தார். அது மெய்யென்று நாங்கள் சொல்லாமல் ஆஸ்பத்திரி ஒரு குழாயைக்கூடத் தொடாது.

"அந்தப் பொறியோட கட்டைங்க எல்லாம் இதுலதான் இருக்குதுங்க," என்றாள். "அப்பா அது மேலயேதான் விழுந்தாருங்க. ஆம்புலன்ஸ் பசங்க கூட்டி அள்ளிக் குடுத்தாங்க."

"இது எங்களுக்கு ஆகாதுங்க. எங்க கட்டையிலதான் கட்டோணும்."

"சும்மா வெச்சுக்கங்க. என்னால அதை வீட்டுல வெச்சுப் பாக்க முடியலீங்க."

வாங்கி வைத்துக்கொண்டேன்.

படம் நான்கு நிமிடம். நாற்காலியில் சதீஷ். மேசையில் எவர்சில்வர் டம்ளர். பின்னால் பொறி. இடப்புறம் சட்டகத்துக்கு வெளியிலிருந்து பந்து ஒவ்வொன்றாக உருண்டு வருகிறது. சங்கிலியில் கோத்த கைகள் அதை வாங்கி மேலே ஏற்றுகின்றன. உச்சியிலிருந்து வளைந்து வளைந்து இறங்கி மறுபடியும் இடப்புறம் சட்டகத்துக்கு வெளியே போய்விடுகிறது. படம் தவிர, ஏதோ பிறந்தநாளில், பொறி பின்னால் தெரிய எடுத்த மூன்று புகைப்படங்கள். அவற்றில் கேக்கும் தலைகளும்தான் அதிகம்.

இந்த வேலையில் அளவுகோல் கட்டையின் மேலுள்ள குமிழ்தான். குமிழை எண்ணினால் நீளம் கிடைக்கும். தெரியாத சக்கரத்தைத் தெரிகிற சக்கரம் சொல்லிவிடும். முகப்பில் நாற்பது பல் சக்கரம் ஒரு சுற்று முடிப்பதற்குள் மேல் அச்சு இரண்டரைச் சுற்று சுற்றியது. அப்படியானால் உள்ளே மறைந்திருப்பது பதினாறு பல். சங்கிலியின் தொய்வைப் பிறந்தநாள் படத்தில் ஒரு பையனின் காதுக்குப் பக்கத்தில் கண்டுபிடித்தேன். மூன்றாம் நாள் பந்தைத் தூக்கும் சங்கிலியும் இறக்கமும் படத்தில் இருப்பது போலவே ஓடின. மிச்சம் இருந்தது சட்டகத்துக்கு வெளியே உள்ள பாதை. இறங்கிய பந்து எப்படித் திரும்ப வந்தது?

விதிப்படி, கண்ணுக்குத் தெரியாத பகுதியை நான் எப்படி வேண்டுமானாலும் கட்டலாம். தெரிகிற பகுதியில் வேறுபாடு வரக் கூடாது, அவ்வளவுதான். ஒரு சாய்தளம் வைத்தேன். பந்து சீராக வந்தது. படத்தில் சீராக வரவில்லை. சதீஷ் வேகமாகப் பேசும்போது பந்தும் நெருங்கி வந்தது. அவர் தடுமாறும்போது தாமதித்தது. ஓரிடத்தில் வரவே இல்லை.

முதலில் எல்லோரும் சொல்ல வேண்டிய வாசகத்தைச் சொல்கிறார்: இந்த அறையில் என்னைத் தவிர யாரும் இல்லை, யாருடைய கட்டாயமும் இல்லை. பிறகு தன் பேச்சில் தொடர்கிறார். "கழுத்துல ஓட்டை போட வேண்டாம். மெஷின் வெச்சு மூச்சு விட வெக்க வேண்டாம்." பந்து வருகிறது. "எம்புள்ளையக் கேக்காதீங்க. அவ குழாயை எடுக்க வேண்டாம்னுதான் சொல்லுவா. அதைக் கேட்டுட்டு என்னையக் கட்டி வெச்சுக்காதீங்க." இங்கே பந்து நிற்கிறது. சங்கிலிக் கைகள் வெறுமனே ஏறுகின்றன. ஐந்து வெறுங்கைகள். சதீஷ் பேச்சை நிறுத்தி, திரும்பாமல், மேசையில் விரலால் இரண்டு முறை தட்டுகிறார். மறுபடி பந்து வருகிறது.

சாக்கை அவிழ்த்துத் தரையில் கொட்டினேன். திரும்பும் பாதைக்கு வேண்டிய சாய்வுக் கட்டை அதில் ஒன்றுகூட இல்லை. படத்திலிருந்த டம்ளரின் வளைவில், இடது ஓரத்தில், ஒரு கருப்பு நிழல் அசைந்துகொண்டிருந்ததை அப்புறம்தான் பார்த்தேன். பந்தைக் கீழேயிருந்து எடுத்து மேலே போட்டது ஒரு மனிதக் கை.

எனக்கு வேறு வழியும் இருந்தது. அடைத்துக்கொள்ளும் ஒரு புனல். பந்துகள் அதன் கழுத்தில் மாட்டி நிற்கும், மேசையைத் தட்டினால் விடுபடும். கட்டிப் பார்த்தேன். ஒரே மதியத்தில் முடிந்துவிட்டது. ஐந்து வெறுங்கை, இரண்டு தட்டு, பந்து. கச்சிதமாகப் பொருந்தியது. சதீஷ் அறையில் தனியாகவே இருந்தார் என்று அந்தப் புனல் சத்தியம் செய்தது. இதற்கு முன் நான் மெய்யென்று அனுப்பிய எத்தனை படங்களில் இப்படி ஒரு புனல் இருந்திருக்கும் என்று தோன்றியது. அதற்குமேல் உட்கார முடியவில்லை. பட்டறைக்குள் சுற்றிச் சுற்றி நடந்தேன். பிறகு புனலைப் பிரித்து டப்பாக்களில் போட்டேன். நேர்மையெல்லாம் இல்லை. சரியான விடை கையில் இருக்கும்போது தப்பான விடையைக் கொடுக்க எரிச்சலாக இருந்தது.

நான் சொன்னதைக் கேட்டுவிட்டு மெஹருன்னிசா கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்ப தனியா இருந்தேன்னு அந்தாளு சொன்னது பொய்."

"பொய்தான் மேடம். ஆனா யாரு யாரைக் கட்டாயப்படுத்துனாங்கன்னு பாருங்க. கழுத்துல ஓட்டை வேண்டாம்னப்ப கை நிக்கல. எம்புள்ளையக் கேக்காதீங்கன்னப்பதான் நின்னுச்சு. அது அந்தப் பொண்ணு கைதான். இவரு தட்டித்தான் போட வெச்சிருக்காரு."

"அது உன் கதை. கதையை நான் எந்தக் கட்டத்துல எழுதறது?" கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தார். "பொறியோட மூல பாகம் கெடைச்சா அதையே வெச்சு ஓட்டலாம்னு விதி இருக்குது. கையும் பாகந்தானே? கூப்பிடு அவளை. நிக்கற எடத்துல நின்னு, அஞ்சு வெறுங்கை போனதும் போட்டாள்னா, கட்டாயம் அவகிட்ட இருந்து வரலைன்னு எழுதறேன். ஒரு கை கூடக்கொறைய வந்தாலும் தள்ளுபடி. பல் சக்கரமோ புள்ளையோ, எனக்கு ஒண்ணுதான்."

"எத்தனைன்னு அவங்ககிட்டச் சொல்லலாமா?"

"சொல்லித்தான் பாரேன். உன்னையும் சேத்துத் தள்ளுபடி பண்றேன்."

மகிழினி மறுநாள் மதியம் வந்தாள். விஷயத்தைச் சொன்னதும் மறுக்கவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"அந்தப் பாதை ஒடஞ்சு ரெண்டு வருசமாச்சுங்க. அவருக்குக் கை நடுக்கம், சரி பண்ண முடியல. நான்தான் எடுத்து எடுத்துப் போடுவேன். பொறி ஓடோணும்னும் சட்டம், யாரும் இருக்கக் கூடாதுன்னும் சட்டம். என்னங்க பண்றது?"

"வேற ஆளைக் கூப்பிட்டிருக்கலாம்."

"நானும் அதைத்தான் சொன்னேன். நீ கேக்கோணும், உனக்குத்தான் சொல்றேன்னாரு." உள்ளங்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். "இப்ப நான் எப்படிப் போடோணும்?"

"அன்னைக்குப் போட்ட மாதிரியே."

"அன்னைக்கு எப்படிப் போட்டேன்னு எனக்கு எங்கீங்க தெரியும்? நான் அழுதுட்டு இருந்தேன்."

ஒப்போட்டம் தொடங்கியது. மெஹருன்னிசா திரையைப் பார்த்து உட்கார்ந்தார். நான் பொறியைப் பார்த்து நின்றேன். மகிழினி இடப்புறம் தரையில், வீட்டில் உட்கார்ந்த அதே மாதிரி, ஒரு காலை மடித்து உட்கார்ந்தாள். திரையில் அவள் அப்பா தொண்டையைச் செருமினார். அவள் முதல் பந்தை விட்டாள்.

நான் எதிர்பார்க்கவில்லை. அவள் கை அவர் பேச்சோடு போயிற்று. அவர் தடுமாறிய இடத்தில் தாமதித்தது, வேகமெடுத்த இடத்தில் வேகமெடுத்தது. எந்தப் பல் சக்கரமும் எனக்கு இவ்வளவு துல்லியமாக ஓடியதில்லை. "எம்புள்ளையக் கேக்காதீங்க" என்றார். கை நின்றது. அதே இடம்.

ஒன்று. பந்தோடு ஏறும் கை சத்தமில்லாமல் போகும். வெறுங்கை உச்சியில் திரும்பும்போது டக்கென்று ஒரு சத்தம் வரும். இரண்டு. மூன்று. திரையில் சதீஷ் பேச்சை நிறுத்தினார். நான்கு. விரல் மேசையைத் தட்டியது, ஒரு முறை, இன்னொரு முறை. ஐந்து.

அவள் போடவில்லை.

ஆறு. திரையில் பந்துகள் மறுபடி ஏறத் தொடங்கிவிட்டன. அவள் பந்தை மூடிய கைக்குள் வைத்துக்கொண்டு திரையையே பார்த்தாள். அன்று போட்டால் பொறி ஓடும், அவ்வளவுதான். இன்று போட்டால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஏழு. எட்டு. ஒப்போட்டத்தில் யாரும் பேசக் கூடாது. ஒன்பது. டக், டக் என்று அறை முழுக்க அந்தச் சத்தம்தான்.

பதினொன்றாவது கை திரும்பியபோது மகிழினி வலது கை விரலால் தரையில் இரண்டு முறை தட்டினாள். தனக்குத்தானே. பிறகு இடது கையைத் திறந்து பந்தை விட்டாள். அது ஏறியது. அடுத்ததும் ஏறியது. படம் முடியும்வரை ஒன்றும் தவறவில்லை.

மெஹருன்னிசா காகிதத்தைப் பார்த்தபடி கேட்டார். "திரையில அஞ்சு. இங்க எத்தனை?"

அவருக்குக் காது நன்றாகவே கேட்கும். ஆனால் பொறியை எண்ணுவது என் வேலை, அவர் வேலை இல்லை. அந்தப் பெண் என்னைப் பார்க்கவில்லை. அவளுக்கு எண்ணிக்கையே தெரியாது.

"அஞ்சு மேடம்."

பேனா காகிதத்தின் மேல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு எழுதியது. பிளாஸ்டிக்கில் சொல்ல மறுத்த பொய்யை வாயால் சொல்லியிருந்தேன். பிரித்துப் போட்ட புனலாவது நிஜமாகவே அடைத்து, நிஜமாகவே விடுபட்டது.

வியாழக்கிழமை குழாய்களை எடுத்தார்கள். சனிக்கிழமை மகிழினி போன் செய்தாள். "முடிஞ்சுதுங்க" என்றாள். அந்தச் சாக்கை என்ன செய்வது என்று கேட்டேன். யாராவது பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடச் சொன்னாள். இன்னும் கொடுக்கவில்லை.

திங்கட்கிழமை ஒரு நிலத் தகராறு. சின்னப் பொறி, சுலபமான ஓட்டம். பந்துகளைக் கழுவித் துடைத்து வைத்திருந்தேன்.

"திரையில பதினாலு. இங்க?"

"பதினாலு மேடம்."

மெஹருன்னிசா எழுதவில்லை. பன்னிரண்டு வருடத்தில் முதல் முறையாகக் காகிதத்திலிருந்து தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தார்.

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

பேனாவை மூடி மேசையில் வைத்தார்.

"இன்னொருக்கா ஓட்டு," என்றார். "இந்தத் தடவை நான் எண்ணறேன்."

நான் பந்துகளைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு மறுபடி கழுவப் போனேன்.