குறைமாசம்

நாற்பத்தொரு மணி நேரம். மருந்துவார்ப்பியின் நெற்றித் திரையில் அந்த எண் இன்னும் பெருமையாக ஒளிர்ந்துகொண்டிருந்தது. புதிய காய்ச்சலின் மரபுவரிசை வந்து சேர்ந்ததிலிருந்து முதல் தடுப்பூசிக் குப்பி வெளியே வரும்வரை இயந்திரம் எடுத்துக்கொண்ட நேரம் அது.

கடற்கரை ஊர் அந்தத் தடுப்பூசிக்கு வைத்த பெயர் குறைமாசம்.

ஊர் மருத்துவமனைக்குள் கூட்டத்தோடு புகுந்த ஆன்றோ கடப்பாரையால் திரையை உடைத்தான். பின்னால் வந்தவர்கள் குளிர்ப்பெட்டிகளைக் கவிழ்த்து மிதித்தார்கள். தடுத்த காவலாளியின் இரண்டு பற்கள் கண்ணாடிச் சில்லுகளோடு தரையில் கிடந்தன. யாரோ வார்ப்பியின் வயிற்றுக்குள் தீயை வைத்தார்கள்.

டாக்டர் தேன்மொழி தரையில் விழுந்து கிடந்தாள். கடைசிக் குப்பி அவள் கைக்குள் இருந்தது. ஆன்றோ அந்தக் கையை மிதித்தான்.

“எம் பொண்டாட்டிக்கு ஏழு மாசம். முழுசா ரெண்டு நாள்கூட ஆகாத மருந்த அவளுக்குப் போடணுமா?”

“ரெண்டு நாள்ல செஞ்சது இந்தக் காய்ச்சல உடம்புக்கு அடையாளம் காட்டுற நுனி மட்டும்தான்.” அவளுக்கு மூச்சு வாங்கியது. “அத உடம்புக்குள்ள கொண்டுபோற உறை பழசு. வேற காய்ச்சலுக்காகச் செஞ்சது. இருபத்தஞ்சு வருசம் முன்னாடியே கர்ப்பிணிகளுக்குப் போட்டுப் பாத்தாச்சு.”

“யாரு அந்தக் கர்ப்பிணி? பேரச் சொல்லுங்க டாக்டரம்மா.”

“சொல்லக் கூடாது. அவங்களுக்குக் குடுத்த வாக்கு.”

“பேரில்லாத கர்ப்பிணியாம்ல,” என்றான் ஒருவன். “புருசனுக்காவது பேரு இருந்துச்சா?”

கூட்டம் சிரித்தது. ஆன்றோ குதிகாலைத் திருகினான். முதலில் எலும்பு முறிந்தது. அப்புறம் கண்ணாடி.

அவனுடைய அம்மா செலின் ஆட்களை இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள்.

“டாக்டர், ஒண்ணாவது மிச்சம் இருக்கா? எதிர்வீட்டுக்குக் காய்ச்சல் வந்துருச்சு. மருமவளுக்கு வேணும்.”

தேன்மொழி கையை விரித்துக் காட்டினாள். இரத்தத்தில் மருந்து எது என்று தெரியவில்லை.

“நீ வீட்டுக்குப் போம்மா,” என்றான் ஆன்றோ. “வயித்துல இருக்கும்போது டாக்டரு சொல்ற அந்தப் பழைய ஊசி ஏறி, நல்லாப் பொறந்த ஒரே ஒரு பிள்ளைய இவங்க காட்டட்டும். நானே போட்டுக்கிறேன்.”

செலின் அவன் கையிலிருந்த கடப்பாரையைப் பிடுங்கிக் கீழே போட்டாள்.

“சோதனைப் பிள்ளைன்னு ஊரு உன்னச் சொல்லிரக் கூடாதுன்னு இத்தன வருசம் வாயத் தெறக்கல. அந்தச் சோதனையில எனக்கும் ஏழாம் மாசந்தான் போட்டாங்க. பத்து மாசமும் நெறஞ்சுதான்டா நீ பொறந்தே.”