சடையனின் முதுகு

இரண்டு நாளாய்ச் சடையன் தெருவைப் பார்த்துப் படுக்கவில்லை. முகத்தை வீட்டுக்குள் திருப்பி வைத்திருந்தது.

ஸ்ரெல்லா கவனித்தாள்தான். ஆனால் மனுரேவா ஊர்க் குளிர்களஞ்சியத்தில் பகல் முழுக்கப் பெட்டி அடுக்கிவிட்டு வருகிறவளுக்கு, நாய் எந்தப் பக்கம் பார்த்தால் என்ன? கால் இரண்டும் கழன்று விழும் போலிருந்தது. கணவன் ஏர்னஸ்ட் செத்த பிறகு, பள்ளி விட்டு வரும் மகள் ரேச்சல் தனியே கிடக்கிறாளே என்ற பயத்தில்தான் ஆட்டு மந்தை காக்கும் இந்த இளநாயைத் தத்தெடுத்தாள். கயிறு கயிறாகச் சடை விழத் தொடங்கிய வெள்ளை மயிர். மழையில் நனைந்தால் வீடெல்லாம் ஈரச்சாக்கு மணம். கொடுத்த பண்ணைக்காரி ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: இந்த இனம், தான் காப்பவர்களுக்கு முதுகைக் காட்டும், ஆபத்துக்கு முகத்தைக் காட்டும்.

"ரேச்சல், சாப்பிட்டியே பிள்ளை?"

"ஓம் அம்மா," என்றது சாத்திய அறைக்குள்ளிருந்து குரல்.

அந்தக் களைப்பிலும் ஸ்ரெல்லாவுக்கு மனம் குளிர்ந்தது. இந்த வெளிநாட்டிலேயே பிறந்த பிள்ளை, எதைக் கேட்டாலும் "யெஸ் மம்" தான். தமிழில் ஒரு சொல் வாங்க அவள் கெஞ்சாத கெஞ்சல் இல்லை. நேற்றும் அறைக்குள்ளிருந்து இப்படித்தான் பதில் வந்தது. மேசைக்கு வந்ததும் மட்டும் பழையபடி இங்கிலீஷ். வெட்கமாக்கும் என்று விட்டுவிட்டாள். அக்காவுக்குப் போன் போட்டுப் பெருமையும் அடித்தாயிற்று.

"என்ர குஞ்சு," என்றபடி அறைப் பக்கம் நடந்தாள்.

சடையன் குறுக்கே வந்து நின்றது. அவள் முழங்காலில் முதுகை அழுத்திப் பின்னுக்குத் தள்ளியது. தரைப்பலகை அதிர ஓர் உறுமல்.

"அங்கால போடா. நானே களைச்சுப்போய் வந்திருக்கிறன்."

காலால் ஒதுக்கிவிட்டுக் கதவைத் திறந்தாள்.

விளக்கு எரியவில்லை. பல் கிட்டுகிற குளிர், நனைந்த மண்ணின் மணம், திரைச்சீலைக்குப் பின்னால் யாரோ நகத்தால் துணியை மெல்ல மெல்லக் கோதுகிற ஓசை. கட்டிலில் ஆளில்லை. போர்வை கலையவில்லை.

வாசற்கதவு திறந்தது.

"மம்? ஸாரி, ட்ரெயின் லேட்."

ஸ்ரெல்லா திரும்பினாள். நடைவழியின் மறுமுனையில் பள்ளிப்பையோடு ரேச்சல்.

சடையன் ஓடிப்போய் ரேச்சலை மறைத்து நின்றது. முதுகு பிள்ளைக்கு. முகம் ஸ்ரெல்லாவுக்கு.

"சடையா, நான்டா."

ஓர் எட்டு வைத்தாள். பல்லைக் காட்டிப் பாய்ந்தது. பிள்ளையிடம் போக விடவில்லை.

ரேச்சல் தாயைப் பார்க்கவில்லை. தாயின் தோளுக்குப் பின்னால் பார்த்தாள்.

குளிர்ந்த சின்னக் கையொன்று ஸ்ரெல்லாவின் விரல்களுக்குள் நுழைந்தது.

"ஓம் அம்மா."