ஆறு வழிவிட்ட காலை

முதுகில் பையோடு மணலில் ஓடிய விஜயன் சட்டென்று நின்றான். பின்னால் வந்த புஷ்பவல்லி அவன் மேல் மோதினாள். அவள் மேல் மார்க்கிரட் மோதினாள்.

"ஏன்லா நின்னுட்டே?" என்றாள் புஷ்பா.

விஜயன் கையை நீட்டினான். எதிரே ஓர் ஆறு!

முந்தாநாள் அதே இடத்தை நடந்து கடந்துதான் வந்தார்கள். அன்று அது காட்டிலிருந்து கடலுக்குப் போகும் சின்ன ஓடை. கணுக்கால்தான் நனைந்தது. இன்றோ அகலமாக, பழுப்பாக, சுழித்துக்கொண்டு கிடந்தது.

இராஜம்மா அத்தை மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். அவர் கிள்ளான் நகரப் பள்ளி ஒன்றில் உடற்பயிற்சி ஆசிரியை. விடுமுறை வந்துவிட்டால் அவருக்கு வீட்டில் கால் தங்காது. அந்த எண்பத்தாறாம் ஆண்டு ஆகஸ்டு விடுமுறையில் மகன் விஜயனையும், பிரிக்ஃபீல்ட்ஸில் இருந்த அண்ணன் மகள் புஷ்பாவையும், அவளுடைய பக்கத்து வீட்டு மார்க்கிரட்டையும் பஸ் ஏற்றிப் பகாங் மாநிலக் கடற்கரைக்கே கூட்டி வந்துவிட்டார்.

கடையும் இல்லை, வீடும் இல்லை. காடும் கடலும்தான். கூடாரம் அடித்தார்கள். நண்டு துரத்தினார்கள். மேகி மீ நூடுல்ஸைப் பாதி மணலோடு தின்றார்கள். சொர்க்கமாக இருந்தது, இந்த ஆறு குறுக்கே வரும்வரை.

"மத்தியானம் அக்கரையில இருக்கிற கம்பத்துக்கு, அந்த மீனவர் கிராமத்துக்கு, மீன் லோரி வரும். அத ஓட்டுற சின்னையா அண்ணன் நம்மள ஏத்திக்கிட்டு குவாந்தான் டவுனுக்குப் போவாரு. அத விட்டா இன்னிக்கு வேற வண்டி கிடையாது," என்றார் அத்தை. தண்ணீர்ப் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார். பாதிதான் இருந்தது.

"நான் நீந்திப் போய் லோரிய நிறுத்துறேன்!" என்றான் விஜயன். சொன்னதோடு நில்லாமல் இறங்கியும் விட்டான். நாலு எட்டு வைப்பதற்குள் இடுப்பளவு தண்ணீர் அவனைக் கடல் பக்கம் தள்ளியது. அத்தை பாய்ந்து அவன் பையைப் பிடித்துக் கரைக்கு இழுத்தார்.

"நீச்சல் வீரரே, கொஞ்சம் சும்மா இரு!"

விஜயனின் சட்டைப் பையிலிருந்து ஒரு குட்டி நண்டு எட்டிப் பார்த்தது. யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

"எனக்கு நீந்தத் தெரியாது. நான் வரமாட்டேன். இங்கேயே இருக்கேன்," என்று மார்க்கிரட் மணலில் உட்கார்ந்து அழுதாள். அவளுக்கு ஒன்பது வயதுதான்.

புஷ்பா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆற்றைப் பார்த்தாள், பிறகு கடலைப் பார்த்தாள்.

"அத்தை, நாம வந்த அன்னிக்குக் கடல் எங்கேயோ தூரத்துல இருந்துச்சு. ஆத்துலயும் தண்ணி இல்ல. இப்ப கடல் கிட்ட வந்திருக்கு, ஆறும் நிரம்பியிருக்கு. கடல் திரும்பிப் போனா ஆறும் வடிஞ்சிடுமில்ல?"

"கடல் இன்னும் ஏறிக்கிட்டே இருந்தா?" என்றான் விஜயன்.

"அதத்தான் பாக்கப் போறேன்."

புஷ்பா ஒரு நீளமான குச்சியை எடுத்துக் கரையோரம் அலையில்லாத இடத்தில் ஆழமாக ஊன்றினாள். பின்னலிலிருந்து சிவப்பு ரிப்பனை அவிழ்த்து, குச்சியில் தண்ணீர் தொடும் இடத்தில் கட்டினாள்.

"மார்க்கிரட், ஒரு வேலை இருக்கு. ரிப்பன் முழுகுதா, வெளிய தெரியுதான்னு நீதான் பாத்துச் சொல்லணும். கண்ணை எடுக்கக் கூடாது. எங்க யாருக்கும் அவ்வளவு பொறுமை இல்ல."

மார்க்கிரட் மூக்கைத் துடைத்துக்கொண்டு குச்சிக்கு எதிரே குந்தினாள்.

நால்வரும் காத்திருந்தார்கள். வெயில் ஏறியது. தண்ணீரை ஆளுக்கு ஒரு மிடறு குடித்தார்கள். ரிப்பன் இருந்த இடத்திலேயே ஈரமாக ஆடிக்கொண்டிருந்தது. 'நான் சொன்னது தப்பாக இருந்தால்?' புஷ்பா மறுபடி கடலைப் பார்த்தாள்.

"அக்கா!" மார்க்கிரட் துள்ளி எழுந்தாள். "ரிப்பனுக்குக் கீழ குச்சி தெரியுது! ஒரு விரல் அளவு!"

எல்லாரும் ஓடினார்கள். உண்மைதான்.

"ஆறு இறங்குது!" என்று அத்தை போட்ட கூச்சலில் காட்டுக்குள் ஒரு குரங்குக் கூட்டமே கலைந்தது.

அதன் பிறகு மார்க்கிரட்டைப் பிடிக்க முடியவில்லை. "இப்ப ரெண்டு விரல்! இப்ப ஒரு சாண்!" என்று ரேடியோவில் பந்தய வர்ணனை சொல்வதுபோல் கத்திக்கொண்டே இருந்தாள். விஜயன் அவசரப்பட்டு இறங்கப் போனான். "அண்ணே, நான் இன்னும் சொல்லல!" என்று அவள் போட்ட அதட்டலில் காலைப் பின்னால் எடுத்துக்கொண்டான்.

கடைசியில் அத்தை கூடாரக் கம்பை ஊன்றி ஆழம் பார்த்தபடி அக்கரைவரை போய்த் திரும்பினார். "முழங்காலுக்குக் கொஞ்சம் மேல. இழுப்பும் இல்ல. கை கோத்துக்குங்க!"

மார்க்கிரட் தண்ணீரைப் பார்த்தாள். புஷ்பாவின் கையை இறுகப் பற்றினாள்.

"பயமா இருக்கா?"

"கொஞ்சம். ஆனா தண்ணி இறங்குனத நான்தானே பாத்தேன்," என்றாள் மார்க்கிரட். முதல் காலை அவளே வைத்தாள்.

அக்கரை மணலைத் தொட்டதும் நால்வரும் குதித்தார்கள், கத்தினார்கள், ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். பிறகு ஓட்டம். முதுகுப்பைகள் தடதடவென்று ஆட, கம்பத்துச் சாலையை எட்டியபோது லோரி புகை கக்கிக் கிளம்பிக்கொண்டிருந்தது. விஜயன் இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தான். லோரி நின்றது.

சின்னையா தலையை நீட்டினார். "ஆத்துல தண்ணி ஏறிடுச்சின்னு சொன்னாங்களே! நீங்க வரமாட்டீங்கன்னுல்ல நினைச்சேன். எப்படி டீச்சர் வந்தீங்க?"

"என்னைக் கேக்காதீங்க அண்ணே. எங்க தலைவியக் கேளுங்க," என்று அத்தை புஷ்பாவை முன்னால் தள்ளினார்.

புஷ்பாவுக்கு முகம் காதுவரை சிவந்துவிட்டது. சின்னையா அவளுக்கு ஒரு சலாம் வைத்துவிட்டு, ஐஸ் பெட்டியிலிருந்து ஒரு பெரிய பாட்டில் குளிர்ந்த தண்ணீரை எடுத்து நீட்டினார்.

மீன் கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்து, காற்றில் தலைமுடி பறக்க, நால்வரும் மாறி மாறிக் குடித்தார்கள். மார்க்கிரட் கடைசி மிடறை விழுங்கிவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"டீச்சர், அடுத்த லீவுக்கு எந்த ஆறு?"