வரிசை எண் 40,612

காலை ஒன்பதரைக்கு மகரந்தப் பொறிகள் எங்கள் ஜன்னலைத் தாண்டி வயலுக்குப் போகும். ஜனங்களுக்கு அவை பூ ட்ரோன். தேனீக்கள் ஒழிந்த பிறகு பூக்களைத் தொட்டுக் காய்க்க வைப்பது அவைதான். இரைச்சல் அடங்கியதும் அன்றைய முதல் கடிதத்தைப் பிரிப்பேன்.

எங்களுடையது மறுமொழித் துறை. பூச்சிமருந்தைப் பற்றி அந்தக் காலத்திலேயே எச்சரித்து எழுதி, கிடப்பில் போடப்பட்ட ஒவ்வொரு கடிதத்துக்கும் அரசு மன்னிப்புக் கேட்டுப் பதில் எழுத வேண்டும் என்பது சட்டம். புது எச்சரிக்கைகளும் எங்களிடமே வரும். ஆனால் தேதி வரிசை மாறக்கூடாது. நியாயமான சட்டம் என்று இருபத்தாறு வருடம் நம்பியிருந்தேன், மடையன்.

அன்று கையில் இருந்தது 1971-ஆம் ஆண்டுக் கடிதம், எண் 1,908. நீடாமங்கலம் பக்கத்துப் பள்ளி ஆசிரியர் அம்பலவாணன் எழுதியது. மருந்தடித்த வயலில் நத்தைகள் செத்து மிதந்ததையும், அவற்றைத் தின்ற பதினேழு கொக்குகள் வரப்பில் விழுந்து கிடந்ததையும் எண்ணி எழுதியிருந்தார். ஓரத்தில் ஓர் அதிகாரியின் குறிப்பு: 'தனிநபர் அபிப்பிராயம். மேல்நடவடிக்கை தேவையில்லை.' பாவி மனுஷன், எழுந்து போய் ஒரு தடவை வயலைப் பார்த்திருக்கலாமே என்று வாய்விட்டே திட்டினேன்.

அப்போதுதான் செங்கமலம் வந்து நின்றார். நான்காவது முறை. 'பொறிகளுக்குப் பூசும் எண்ணெய் காற்றில் பொடித்துளியாகப் பறக்கிறது, தெருப் பிள்ளைகளுக்கு மூச்சு முட்டுகிறது, என் மகள் இளவேனிலுக்கு ஏழு வயது, சீக்கிரம் வந்து பாருங்கள்' என்று ஆனி மாதம் எழுதிக் கொடுத்திருந்தார். எண் 40,612. ஒவ்வொரு முறையும் அந்த எண்ணைச் சொல்லி, மரியாதையாகத்தான் அனுப்பி வைத்தேன். இன்றும் அதையே சொல்ல வாயெடுத்தேன்.

"இப்ப எந்த வருஷத்துக் கடுதாசி ஓடுது சார்?"

"எழுபத்தொண்ணும்மா."

தலையாட்டினார். "என்னுத எடுத்துக் குடுத்துடுங்க. இனிமே அதுக்கு வேலையில்ல. பின்னால உள்ளவங்களாவது ஒரு எடம் முன்ன வரட்டும்."

பாப்பா என்று மட்டும் கேட்டேன்.

"போன வெள்ளிக்கிழம," என்றார்.

கடிதக் கட்டை அவிழ்த்துத் தேடினேன். அவர் கடிதத்துக்குப் பின்னால் அதே தெருவிலிருந்து இன்னும் பதினோரு கடிதங்கள். ஒன்றையும் நான் பிரித்ததில்லை. அந்தத் தெரு என் மேஜையிலிருந்து கால் மணி நேர நடை.

திரும்பப் பெறும் கடிதங்களுக்கு ஒரு பதிவேடு உண்டு. செங்கமலம் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கடிதத்தை மடித்து எடுத்துக்கொண்டார். அடுத்த கையெழுத்து என்னுடையது. நான் போட வேண்டிய இடத்துக்கு மேலே ஏற்கெனவே அச்சடித்திருந்தது: 'மேல்நடவடிக்கை தேவையில்லை.'

போட்டேன். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.