எஜமான் யாருடா?

வேன் விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டிவிட்டதாம்! இன்னும் கொஞ்ச நேரத்தில் இத்தாலிக்காரர் ஜூலியா திண்டிவனம் வந்துவிடுவார். பள்ளியின் புது நூலகத்தை அவர்தான் திறந்துவைக்கப் போகிறார்.

ஐந்தாம் வகுப்பே துள்ளிக்கொண்டிருந்தது. பூங்கொத்து கொடுத்து "ச்சாவோ!" என்று சொல்லப்போவது சித்தார்த்தன். இத்தாலியில் நண்பர்கள் சந்தித்தால் அப்படித்தான் சொல்வார்களாம். ஒரு வாரமாக அவன் தெருநாய்க்குக்கூட ச்சாவோ சொல்லிப் பழகியிருந்தான். நாய்தான் கண்டுகொள்ளவில்லை.

இப்போதோ அவன் பூங்கொத்தைப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வகுப்புத் தோழி கலைப்பிரியாவின் மடியில் வைத்தான்.

"நீயே குடு. நான் சொல்ல மாட்டேன்."

"ஏன்டா? வேன் வந்துக்கினே இருக்குது!"

"அக்கா போன்ல பார்த்தேன். அந்தக் காலத்துல வெனிஸ் ஊர்ல 'நான் உங்க அடிமை'ன்னு சொல்லுவாங்களாம். அதுதான் தேஞ்சு தேஞ்சு ச்சாவோ ஆயிடுச்சாம். எங்க தாத்தா நிலத்துக்காரர் எதிர்ல துண்டை இடுப்புல கட்டிக்கினுதான் நிக்கணுமாம். தோள்ல போடக் கூடாதாம். நான் யாருக்கும் அடிமைன்னு சொல்ல மாட்டேன்."

அவன் கண் கலங்கியிருந்தது. கலைப்பிரியா பூங்கொத்தைக் கையில் எடுத்தாள். அவன் சொல்வது நியாயம்தான். ஆனால் எவ்வளவு ஆசையாகக் காத்திருந்தான்!

சட்டென்று அவள் கேட்டாள்: "நீ ச்சாவோ சொன்னா, பதிலுக்கு அவங்க இன்னா சொல்லுவாங்க?"

"அவங்களும் ச்சாவோதான்."

கலைப்பிரியா எழுந்து குதித்தாள். "அப்போ அவங்களும் உனக்கு அடிமை! ரெண்டு பேருமே அடிமைன்னா, எஜமான் யாருடா?"

சித்தார்த்தன் கூரையைப் பார்த்து யோசித்தான். எஜமான் எங்கேயும் அகப்படவில்லை.

"உங்க தாத்தா கும்பிட்டா, நிலத்துக்காரர் திருப்பிக் கும்பிடுவாரா?"

"ம்ஹும்."

"அதான்டா வித்தியாசம்!"

சித்தார்த்தனுக்குச் சிரிப்பு எட்டிப் பார்த்தது. "அவங்க திருப்பிச் சொல்லலன்னா?"

"பூங்கொத்தைத் திருப்பி வாங்கிக்கலாம்!" என்று அவள் அதை அவன் கையில் திணித்தாள்.

வாசலில் ஹாரன் அடித்தது. இருவரும் பறந்தார்கள்.

ஜூலியா வேனிலிருந்து இறங்கினார். சித்தார்த்தன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றான்.

"ச்சாவோ!"

ஜூலியாவின் முகம் மலர்ந்தது. இரண்டு கைகளையும் கூப்பி, நன்றாகக் குனிந்து, தான் பழகி வந்த சொல்லைச் சொன்னார்.

"வ-ண-க்-கம்!"

சித்தார்த்தன் திகைத்துப்போய்க் கலைப்பிரியா பக்கம் திரும்பினான். "ஏய், இது கணக்குல வருமா?"

"குனிஞ்சு வேற சொல்றாங்க! வரும்டா, ஜல்தியா குடு!"

அவன் பூங்கொத்தை நீட்டினான். ஜூலியா அதை வாங்கிக்கொண்டு "ச்சாவோ!" என்றார். ஐந்தாம் வகுப்பு முழுவதும் "ச்சாவோ!" என்று கத்தியது.

கேட்டுக்கு வெளியே தெருநாயும் முதல்முறையாகப் பதில் சொன்னது.