துவைக்காத ஸ்வெட்டர்

வாசனை கூடியிருந்தது.

குறைந்திருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் குறைந்துகொண்டுதான் வந்தது. போன முறை பையைப் பிரித்தபோது, ஸ்வெட்டரின் கழுத்துக்குள் மூக்கைப் புதைத்துக்கொண்டு வெகுநேரம் காத்திருந்த பிறகுதான், தலைக்கு வைக்கும் எண்ணெயும் காய்ச்சல் வியர்வையும் கலந்த அந்த வாசனை இருக்கிறதா இல்லையா என்று தெரியாதபடி ஒரு நொடி வந்து போயிற்று. இன்று பையின் வாயைத் திறந்ததுமே அது முகத்தில் வந்து மோதியது. இப்போதுதான் ஒரு குழந்தையின் மேலிருந்து கழற்றியதுபோல் இருந்தது.

துணி விஷயத்தில் அவளுடைய மூக்கு தப்பாது. பத்து வருடமாகச் சலவைக்கடையில் அழுக்குத் துணி வாங்கிப் பிரித்துப் போடுகிறவள். ஒரு சட்டையைக் கையில் எடுத்ததும் அது ஒரு நாள் போட்டதா மூன்று நாள் போட்டதா என்பதில் தொடங்கி, போட்டவர் சிகரெட்டை விட்டுவிட்டதாக வீட்டில் சத்தியம் செய்துகொண்டிருக்கிறவரா என்பது வரை சொல்லிவிடுவாள். கடையில் இஸ்திரி போடும் அண்ணன் அவளை 'மூக்கு' என்றுதான் கூப்பிடுவார். பருவம் மாறும் நாட்களில் கம்பளித் துணிகளோடு வருகிற ஒவ்வொருவரிடமும் அவள் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்கிற பாடம் ஒன்று உண்டு. ஒரு தடவைதான் போட்டது என்றாலும் துவைக்காமல் எடுத்து வைக்காதீர்கள், வியர்வை பட்ட இடத்தைத் தேடிக்கொண்டு பூச்சி வரும்.

ஊருக்கெல்லாம் சொன்ன பாடத்தை அவள் தன் வீட்டில் ஒரே ஒரு துணிக்காக மீறியிருந்தாள்.

அது பெட்டிக் கட்டிலுக்குள் இருந்தது. மெத்தையைச் சுருட்டி ஓரமாகத் தள்ளிவிட்டுப் பலகையைத் தூக்கினால், உள்ளே கட்டிலின் நீளத்துக்கு இடம். குளிர் தொடங்கும்போது பருத்தித் துணிகள் உள்ளே போகும், கம்பளிகள் வெளியே வரும். வெயில் தொடங்கும்போது இது உள்ளே, அது வெளியே. ஈரமும் பூச்சியும் அண்டக்கூடாது என்று பலகையின் விளிம்பைச் சுற்றி அவளே ரப்பர் பட்டை ஒட்டியிருந்தாள். மூடும்போது உள்ளேயிருக்கும் காற்று 'புஸ்' என்று வெளியேறும், பலகை கவ்விக்கொண்டு உட்காரும். அந்தச் சத்தத்தைக் கேட்டால்தான் அவளுக்கு வேலை முடிந்த திருப்தி வரும்.

பெரியவள் போய் நான்கு குளிர்காலம் ஆகிவிட்டது. ஏழு வயது. மூன்று நாள் காய்ச்சல், அவ்வளவுதான். மருத்துவமனையில் கழற்றிக் கையில் கொடுத்த நீல ஸ்வெட்டரை அவள் துவைக்கவில்லை. ஒரு பையில் போட்டு வாயை இறுக்கிக் கட்டி, கம்பளிகளுக்கெல்லாம் அடியில் வைத்தாள். வருடத்துக்கு இரண்டு முறை, துணி மாற்றும் நாளில், பையைப் பிரித்து ஒரே ஒரு மூச்சு. அதற்குமேல் இழுத்தால் தீர்ந்துவிடும் என்று பயம். அந்த ஒரு மூச்சுக்காக அரை வருடம் காத்திருப்பாள். யாரிடமும் சொன்னதில்லை.

இன்றும் சனிக்கிழமை அரை நாள் விடுமுறையில் வந்து, சாப்பிட்ட தட்டைக் கூடக் கழுவாமல் வேலையைத் தொடங்கியிருந்தாள். வெளியே மழை விடாமல் தூறிக்கொண்டிருந்தது. மூன்று மணிக்கே அறை மங்கிக் கிடந்தது. தரை முழுக்கத் துணிக் குவியல்கள்.

"அம்மா, நான் கட்டிலுக்குள்ள இறங்கட்டுமா?"

சின்னவள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். அந்தப் பெயரைக் காப்பாற்றுவதற்காகவே பிறந்தவள்போல் நடந்துகொள்வாள்.

"இறங்கினா அப்படியே வச்சு மூடிடுவேன். போய்ப் பாடம் எழுது."

"எழுதிட்டேன்."

"பொய்."

"பாதி எழுதிட்டேன்." வாலு குவியல்களைத் தாண்டித் தாண்டி வந்தாள். அம்மாவின் மடியிலிருந்த நீலத்தைப் பார்த்ததும் நின்றாள். "அக்காவோடதா?"

"ம்."

"குடும்மா, போட்டுப் பாக்கறேன்."

"வேண்டாம். உனக்குப் பெருசு."

"இப்ப சரியா இருக்கும். அக்கா சொன்னா."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "எந்த அக்கா?"

வாலு தோளைக் குலுக்கினாள். திறந்து கிடந்த கட்டிலுக்குள் எட்டிப் பார்த்தாள். "தூங்கறப்ப கீழேருந்து பேசுவா. நீ கொறட்டை விடுவியா, அதனால உனக்குக் கேக்காது."

குழந்தைகள் எதையாவது சொல்லும். அக்கா போனபோது வாலுவுக்கு மூன்று வயது, முகம்கூட நினைவிருக்காது, படத்தைப் பார்த்துப் பார்த்து ஒரு அக்காவைச் செய்து வைத்திருக்கிறாள். அப்படித்தான் அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள். அடுத்த மாதம் வாலுவுக்கு ஏழு. அதற்கப்புறம் கொஞ்ச நாளில் சின்னவள் பெரியவளைத் தாண்டிப் போய்விடுவாள். அதை நினைக்காமல் இருக்கத்தான் இத்தனை நாளாக அவள் பாடுபட்டுக்கொண்டிருந்தாள்.

ஸ்வெட்டரை மடிக்கக் கையில் எடுத்தபோது விரலில் ஈரம் பட்டது.

வலது கை ஓரம். பெரியவள் எப்போதும் வாயில் வைத்துக் கடித்துக்கொண்டே இருக்கும் இடம். அங்கே கம்பளி நூல் பிரிந்து, பிசுபிசுவென்று, இன்னும் சூடு ஆறாமல் நனைந்திருந்தது.

"இதைக் கடிச்சியா?"

"நான் தொடவே இல்லம்மா."

தொட்டிருக்க முடியாது. பை கட்டிக் கிடந்தது. முடிச்சை அவள்தான் இப்போது பல்லால் இழுத்து அவிழ்த்தாள். கட்டில் பலகையை அவளே மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் தூக்க வேண்டும். அவள் விரலை மூக்கருகே கொண்டுபோனாள். தூக்கத்தில் வழியும் எச்சில் வாசனை. மருந்தின் இனிப்பும் அதில் கொஞ்சம் இருந்தது.

சமையலறையில் கைபேசி அடித்தது. ஸ்வெட்டரை மெத்தைச் சுருளின்மேல் வைத்துவிட்டுப் போனாள். போனதும் ஒரு நிம்மதியாகத்தான் இருந்தது.

கணவன். சரக்கு லாரியோடு எங்கோ பாதி வழியில் இருந்தான், திங்கட்கிழமைதான் வருவான். பின்னால் எஞ்சின் இரைச்சல் கேட்டது.

"குளிர் ஆரம்பிச்சிடுச்சே, துணியெல்லாம் எடுத்துட்டியா?"

"எடுத்துட்டே இருக்கேன்."

"வாலுவுக்குப் போன வருஷத்து ஸ்வெட்டர் பத்தாது." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "பெரியவளோடது அந்த நீலம் இருக்குல்ல. போட்டு விடேன். சும்மாதான கெடக்கு."

அவள் அடுப்பு மேடையைத் துணியால் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

"துவைச்சுத்தான வச்சிருக்க?"

"ம்," என்றாள்.

அப்போதுதான் அது கேட்டது. அறையிலிருந்து, மெல்ல.

புஸ்.

"என்ன, பேசாம இருக்க?"

"வச்சிடறேன்," என்றாள்.

சமையலறையிலிருந்து அறைக்கு எட்டு அடிதான் இருக்கும். வழியில் வாலுவின் நோட்டுப் புத்தகம் தரையில் திறந்து கிடந்தது. பாதிகூட எழுதவில்லை. மழைச் சத்தம், குளியலறைக் குழாய் சொட்டும் சத்தம், அவளுடைய வீட்டுச் செருப்பு தரையில் தேயும் சத்தம். வேறெதுவும் இல்லை. ஒரு குழந்தை இருக்கிற வீட்டில் இப்படி இருக்காது என்று தோன்றியது. நடையை எட்டிப் போட்டாள்.

அறையில் கட்டில் மூடியிருந்தது.

மூடியதோடு இல்லை. மெத்தை விரிந்திருந்தது. அதன்மேல் விரிப்பு சுருக்கமில்லாமல் இழுத்து விட்டிருந்தது. நான்கு மூலைகளும் உறை மாதிரி மடித்து உள்ளே செருகியிருந்தன. அவள் செருகுவது போலவே. தரையில் இருந்த பருத்தித் துணிக் குவியல்கள் ஒன்றுகூட இல்லை.

ஜன்னல் ஓரத்தில் நீல ஸ்வெட்டர் நின்றது. முதுகைக் காட்டிக்கொண்டு, கழுத்து வரை பொத்தான் போட்டுக்கொண்டு. அளவு கச்சிதமாக இருந்தது.

உயிர் வந்தது அவளுக்கு. வந்த வேகத்தில் கோபமும் வந்தது. "சொன்னா கேக்க மாட்டியா? கழட்டுடி அதை."

ஸ்வெட்டர் அசையவில்லை. வலது கை மட்டும் வாய்க்குப் போயிற்று. ஈரக் கம்பளியைக் கடித்து உறிஞ்சும் சத்தம்.

"வாலு."

அந்தப் பெயருக்குத் திரும்பவில்லை.

"அம்மா," என்றது. "குளிருதும்மா."

அவள் கட்டில் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். குழந்தை தலையைக் குனிந்தபடி வந்தது, மடியில் ஏறியது, முகத்தை அவள் கழுத்தடியில் புதைத்துக்கொண்டது. காலை மடக்கி, இடது பக்கமாகச் சாய்ந்து, பெரியவள் படுக்கிற மாதிரியே. உடம்பு கொதித்தது. துணியைத் தாண்டிச் சூடு அவள் வயிறு வரை இறங்கியது.

தலை எண்ணெய். வியர்வை. மருந்து.

நான்கு வருடமாக அவள் சிக்கனமாகச் செலவழித்து வந்தது இப்போது மடி நிறைய இருந்தது. அவள் மூச்சை இழுத்தாள். நிறுத்தாமல் இழுத்தாள். தீரவில்லை. அழுகை வந்தது. சந்தோஷத்தில்தான் அழுகிறாள் என்று தெரிந்ததும் அவளுக்கே பயமாக இருந்தது.

தொடைக்குக் கீழே ஏதோ தட்டியது.

மெத்தைக்கு அடியில். பலகைக்கு அடியில். சின்னக் கைமுட்டி.

"அம்மா." வாயைத் துணி பொத்தியதுபோல் ஒரு குரல். "அம்மா, தொற. இருட்டா இருக்கு."

வாலு.

எழுந்திரு என்று அவள் தனக்குச் சொன்னாள். எழுந்தால் போதும். இதை இறக்கி வை. மெத்தையை இழு. பலகையைத் தூக்கு. ஒரு நிமிஷ வேலை. உள்ளே காற்று இல்லை. துணியாலேயே நிரம்பியிருக்கும். காற்று இல்லை, காற்று இல்லை.

கால் தரையில்தான் இருந்தது. ஊன்றவில்லை.

மடியிலிருந்த பிடி இறுகியது. இரண்டு கைகளும் அவள் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டன. அவள் குனிந்து உச்சி வகிட்டைப் பார்த்தாள், காதைப் பார்த்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் எழுந்தாக வேண்டும்.

"அம்மா, இனிமே பண்ண மாட்டேம்மா." கீழே. "பாடம் எழுதறேன். தொறம்மா."

இதோ. இன்னும் ஒரு மூச்சு. அப்புறம் எழுந்துவிடுவாள். நிச்சயமாக. இன்னும் ஒன்று.

தட்டும் சத்தம் வேகமாயிற்று. பலகை அதிர்ந்தது. அவள் உட்கார்ந்திருந்த இடத்தில்தான். நேர் கீழே. அவள் காலைத் தூக்கிக் கட்டில்மேல் வைத்துக்கொண்டாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று தெரியவில்லை. முழுப் பாரமும் மெத்தையில் இறங்கியது.

"கீழ யாரும்மா?" மடியிலிருந்த குரல் தூக்கக் கலக்கத்தோடு கேட்டது.

வாலு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். என் பொண்ணு என்று.

"யாரும் இல்ல கண்ணு," என்றாள். "நீ தூங்கு."

அவள் கை தானாகவே அந்த முதுகைத் தட்டிக் கொடுக்கத் தொடங்கியது. மெதுவாக, தூங்க வைக்கும் தட்டு. கீழே இரண்டு. மேலே இரண்டு. கீழே இரண்டு. மேலே இரண்டு. அறை இருட்டிக்கொண்டு வந்தது. விளக்கைப் போட யாரும் எழவில்லை. கீழே ஒன்று. மேலே இரண்டு.

பிறகு கீழே நின்றுபோயிற்று. அவள் கை தட்டிக்கொண்டே இருந்தது.