மீட்டருக்குக் கீழே ஒரு தட்டு

"கடிக்காதுங்க, உள்ள வாங்க!"

அந்தப் பேச்சை நம்பித்தான் அவள் கேட்டைத் திறந்தாள். ஆறு வருடமாக வீடு வீடாக மின்சார மீட்டர் பார்க்கிறவள். தாழ்ப்பாளை மூன்று தடவை ஆட்டிவிட்டு, நாயைக் கட்டினால்தான் காலை எடுத்து வைப்பாள். இன்று மட்டும் புத்தி எங்கே போனதோ... வாசலில் நின்றவனின் சிரிக்கிற கண்களில்தான் போயிருக்க வேண்டும்.

மீட்டருக்கு நேர் கீழே நாயின் சாப்பாட்டுத் தட்டு. அதில் முகம் புதைத்திருந்தது, அவன் 'மேனேஜர்' என்று கூப்பிடும் கறுப்பு நாய். எண்ணைப் பார்க்க அவள் குனிந்தாள்... அவ்வளவுதான். கெண்டைக்காலில் பல் இறங்கிவிட்டது.

அவன் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடி விற்கிறவன். பதறிப்போய் நாயைக் கட்டினான். குழாயடியில் அவள் காலைச் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவினான்.

"இதுக்கு ஊசி போட்டிருக்கா?"

"போட்டிருக்கு... போன மாசம்தான்."

அவளுக்கு ஊசி என்றாலே குலைநடுக்கம். நாய்க்குப் போட்டாயிற்று, நமக்கெதற்கு என்று நேராக வீட்டுக்குப் போய்விட்டாள். "ஆஸ்பத்திரிக்கு வாடி" என்று கெஞ்சிய அம்மாவிடமும் அதையே சொல்லி வாயை அடைத்தாள்.

சாயங்காலம், வீட்டை விசாரித்துக்கொண்டு, கொட்டுகிற மழையில் அவள் வாசலில் வந்து நின்றான் அவன். முடியிலிருந்து நீர் சொட்டுச் சொட்டாக...

"பொய் சொல்லிட்டேங்க. ரெண்டு வருஷமா ஊசியே போடல. உங்க முன்னாடி அசிங்கமா இருந்துச்சு... அதான்."

"உங்க கௌரவத்துக்கு என் உயிர்தான் கெடச்சுதா?"

"திட்டுங்க. ஆனா வண்டியில உக்காந்துக்கிட்டுத் திட்டுங்க. இப்பவே போகணும்."

ஊசி போட்ட டாக்டர் அவனை உண்டு இல்லையென்று ஆக்கிவிட்டார். "நாயைப் பத்து நாள் கட்டி வச்சுப் பாருங்க. சாப்பிடலன்னாலோ, மாறுதலா நடந்துக்கிட்டாலோ உடனே சொல்லணும். அது எப்படி இருந்தாலும், நான் சொல்ற வரைக்கும் இந்தப் பொண்ணு ஊசிய நிறுத்தக் கூடாது."

பத்து நாள்! அவளுக்குத் தூக்கமே போயிற்று. தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் தொண்டை அடைக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள். காலை எட்டு மணிக்கு அவன் வருவான், கேட்டுக்கு வெளியே நின்று அம்மாவிடம் சொல்வான்.

"மேனேஜர் சாப்பிட்டாரும்மா. தண்ணியும் குடிச்சார்."

அவள் முகம் கொடுக்கவில்லை. நான்காம் நாள் உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. "கடிச்ச மேனேஜருக்குச் சம்பளத்தோட லீவான்னு கேளும்மா!"

ஏழாம் நாள், எட்டு மணிக்கு முன்பே தலைவாரி முடித்திருந்தாள்... தன் மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

பத்து நாள் முடிந்த காலை அவன் வரவில்லை. எட்டரை... ஒன்பது... விந்தி விந்தி அவன் தெருவுக்கு ஓடினாள். கேட் பூட்டியிருந்தது. குரைப்புச் சத்தம் இல்லை. சங்கிலி மட்டும் தரையில் வெறுமனே கிடந்தது.

நாய் செத்துப்போயிற்றா? அவளாவது ஊசி போட்டுக்கொண்டாள். தினமும் அதற்குச் சோறு வைத்தவன்... ஐயோ, அவன் ஊசி போட்டுக்கொண்டானா? அவள் கேட்கவே இல்லையே!

"ஏங்க... இங்க என்ன பண்றீங்க?"

தெருமுனையில் அவன். பக்கத்தில் வாய்க்கு மூடி மாட்டிய மேனேஜர், கையில் இறுக்கிப் பிடித்த வார். "பத்து நாள் முடிஞ்சதும் முதல் வேலையா மிருக டாக்டர்கிட்ட போனேன். அங்க கூட்டம். நல்லா இருக்கான், ஊசியும் போட்டாச்சு. இனிமே உங்களுக்குப் பயமே இல்ல."

அவள் அப்படியே தெருவோரம் உட்கார்ந்து அழுதாள்.

"எனக்கா? என்னைப் பத்தி எனக்கு ஞாபகமே வரல. உங்களுக்கு என்ன ஆச்சோன்னுதான் ஓடி வந்தேன்..." மூக்கை உறிஞ்சினாள். "நாளையிலருந்து எட்டு மணிக்கு நீங்க வரமாட்டீங்கல்ல... அதுதான் இப்ப பயமா இருக்கு."

அவன் நாயை வாருடன் வேலிக்கம்பியில் கட்டினான். முடிச்சை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தான். பிறகு அவள் எதிரே வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"நாளைக்கும் வர்றேன்" என்றான். "எங்க அம்மாவையும் கூட்டிக்கிட்டு."